உறங்கியவர் சாட்சி சொல்லலாமா? சர்ப்பகந்தா வேர் முதல் இணைய அங்காடி வரை

மருத்துவ வரலாறு பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதிய நீண்ட பதிவு இது. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

இணைய அங்காடிகளில் இன்று உறக்கம் பல வடிவங்களில் விற்பனைக்குக் கிடைக்கிறது. மெலடோனின் கலந்த மெல்லும் மிட்டாய், அமுக்கரா மாத்திரை, சடாமாஞ்சில் எண்ணெய், வாயில் தெளிக்கும் திரவம், மெக்னீசியத் தூள் எனப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றின் கீழும் வாங்கியோர் இட்ட நட்சத்திரங்களும் நன்றியுரைகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. இவை உண்மையில் வேலை செய்கின்றனவா என்று மருத்துவரிடம் கேட்பது வழக்கம். வரலாற்றாய்வாளரிடமும் கேட்கலாம் என்பது என் துணிபு. ‘வேலை செய்கிறது’ என்ற கூற்றுக்கே ஒரு வரலாறு உண்டு. அதன் திருப்புமுனைகள் சில உறக்க மருந்துகளை ஒட்டியே நிகழ்ந்தன. அவற்றுள் ஒன்று இந்தியாவில் நிகழ்ந்தது.

உறக்கத்துக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் தணிந்ததா என்பதை வெப்பமானி காட்டிவிடும். புண் ஆறியதைப் பிறரும் காணலாம். உறக்கம் வந்ததா என்பதற்கோ முதற்சாட்சி உறங்கியவரே. நிகழ்ச்சி நடந்த நேரத்தில் அவர் விழிப்பில் இல்லை. ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929இல் வெளியிட்ட பிறகுதான் அவருக்கு வெளியே வேறொரு சாட்சி கிடைத்தது. அந்தச் சாட்சி பல வேளைகளில் முதற்சாட்சியுடன் ஒத்துப்போவதில்லை. இரவெல்லாம் கண் மூடவில்லை என்று சொல்பவர் சில மணி நேரம் உறங்கியிருப்பதைக் கருவி காட்டுகிறது. பென்சோடயசெபீன் வகை மாத்திரைகள் நினைவையும் மழுங்கச் செய்பவை. இரவில் இருமுறை விழித்தவர் காலையில் அதை மறந்து, அயர்ந்து தூங்கியதாகவே சொல்லக்கூடும்.

இன்னும் சில சிக்கல்கள் உண்டு. தூக்கமின்மை ஏறி இறங்கும் இயல்புடையது. மிக மோசமான வாரத்தில்தான் மருந்தைத் தேடுகிறோம். அடுத்த வாரம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் நிலைமை சற்றுச் சீர்பட வாய்ப்புண்டு. புகழ் மாத்திரைக்குப் போய்ச் சேரும். சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை முன்னிலும் கடுமையாகத் திரும்பும். மருந்து உண்டாக்கிய அந்தத் துன்பத்தையே மருந்தின் ஆற்றலுக்குச் சான்றாக எண்ணிக்கொள்வோர் பலர். ஆகவே, ‘எனக்கு வேலை செய்தது’ என்று சொல்பவர் பொய்யர் அல்லர். அவர் தம் அனுபவத்தை நேர்மையாகவே சொல்கிறார். ஆனால் அந்த அனுபவத்தை விளைவித்தது எது என்று அறியும் இடத்தில் அவர் இல்லை.

இந்த இடர்ப்பாட்டை உணர மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புரோமைடு உப்புகள் புழக்கத்துக்கு வந்தன. 1869இல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைக் குளோரல் ஹைட்ரேட்டின் உறக்க ஆற்றலை அறிவித்தார். 1903இல் வெரோனல் என்ற பெயரில் முதல் பார்பிட்யூரேட் வந்தது. இவற்றைச் சுற்றி, உள்ளே இருப்பதை மறைத்து விற்கும் காப்புரிமைப் பெயர் மருந்துகளின் பெருஞ்சந்தை எழுந்தது. அவற்றின் விளம்பரங்களில் குணமடைந்தவர்களின் கடிதங்கள் தவறாமல் இடம்பெற்றன. இன்றைய நட்சத்திர மதிப்பீட்டின் மூதாதையர் அவையே.

அரசுகள் முதலில் எழுப்பிய கேள்வி எளியது: புட்டியில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா? அமெரிக்காவின் 1906ஆம் ஆண்டுச் சட்டம் அபின், மார்ஃபின், ஆல்கஹால், குளோரல் ஹைட்ரேட் முதலியவை கலந்திருந்தால் மேலட்டையில் குறிக்க வேண்டும் என்றது. 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இத்தகைய இரகசிய மருந்துகளைப் பகுப்பாய்வு செய்து, உள்ளடக்கத்தையும் அடக்க விலையையும் நூலாகவே வெளியிட்டது. ஆனால் 1911இல் ஜான்சன் என்ற மருந்து வணிகரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டைக் கிழித்தது. பொருள் இன்னது என்று பொய் சொன்னால்தான் குற்றம். அது இன்ன நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை அந்தச் சட்டம் தொடாது. மறு ஆண்டே நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. ஆயினும், ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையை அரசின் தோளில் வைத்தது. தம் மருந்தைத் தாமே நம்பும் வணிகரை அதன்பிறகும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 1930இல் காலனிய அரசு ஆர். என். சோப்ராவின் தலைமையில் மருந்து விசாரணைக் குழுவை அமைத்தது. குழு 1931இல் அறிக்கை அளித்தது. கலப்படமும் தரக்குறைவும் வீரியக் குறைவும் அதன் முதன்மைக் கவலைகள். 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் அந்த அறிக்கையின் வழிவந்தது. உள்ளே இருப்பது என்ன என்ற கேள்வியை இங்கும் முதலில் எழுப்பினர். அது பயனளிக்கிறதா என்ற கேள்வி காத்திருந்தது.

ஆனால் சோப்ரா குழுத் தலைவர் மட்டும் அல்லர். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர், நாட்டு மூலிகைகளை ஆய்வகத்தில் சோதித்தவர். அவர் சோதித்தவற்றுள் ஒன்று சர்ப்பகந்தா. இந்தக் கட்டுரையின் நடுநாயகம் அந்த வேர்தான்.

பீகார்ச் சந்தைகளில் அதைப் பைத்தியத்துக்கான மருந்து என்றே விற்றனர். அங்கிருந்த ஏழை மக்கள் குழந்தைகளை உறங்க வைக்கவும் அதைக் கொடுத்து வந்ததைச் சோப்ரா பதிவு செய்திருக்கிறார். 1931இல் இருவேறு நகரங்களில் இந்த வேர் ஆய்வுப் பொருளாயிற்று. கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் ‘இந்தியன் மெடிக்கல் வேர்ல்டு’ இதழில் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இது பயன்படுவதாக எழுதினர். வேர்த்தூளின் அளவைக் குறித்து, அது உறக்கம் தருவதையும் அழுத்தத்தைக் குறைப்பதையும் சேர்த்தே பதிவு செய்தனர். சென் ஆயுர்வேதப் பேரறிஞர், மேலை மருத்துவமும் கற்றவர். தில்லியில் ஹக்கீம் அஜ்மல் கானின் முயற்சியால் எழுந்த திப்பியா கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் சலீமுஸ்ஸமான் சித்திகியும் ரஃபத் ஹுசைன் சித்திகியும் அதே வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தனர். ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டனர். 1927இல் மறைந்த ஹக்கீமுக்கு அது ஒரு வேதியியல் நினைவுச்சின்னம். 1933இல் சோப்ராவும் உடனாய்வாளர்களும் தம் மருந்தியல் ஆய்வை வெளியிட்டனர்.

இவர்களுள் ஆயுர்வேத, யுனானி மரபுகளைச் சேர்ந்தவர்களும் இருந்தனர் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். நாட்டு மருந்துக்குச் சான்று கேட்பது காலனிய மனப்பான்மை என்ற வாதம் கருத்தரங்குகளில் இன்றும் ஒலிக்கிறது. 1931இல் சான்று தேடியவர்கள் அந்த மரபுகளின் உள்ளேயே நின்றவர்கள். தம் மருந்தை மதித்ததனால்தான் அதைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள்.

பிறகு வந்தது பம்பாய். 1949இல் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் இரத்த அழுத்தம் உள்ள 50 நோயாளிகளிடம் இந்த வேரைப் பயன்படுத்திய முடிவுகளை ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில் வெளியிட்டார். உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் ரெசர்பின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் மனநோயாளிகளிடம் அதன் பயனை அறிவித்தார். இங்கே கவனிக்க வேண்டியது வெற்றி மட்டும் அன்று. அளவும் உட்பொருளும் தெளிவானதும் தீங்கும் தெளிவாகத் தெரியத் தொடங்கியது. மூக்கடைப்பு, மிகு மயக்கம், மனச்சோர்வு ஆகியவை பற்றிய அறிக்கைகள் 1950களின் நடுவிலேயே வந்தன. மனச்சோர்வுடனான தொடர்பு எவ்வளவு உறுதியானது என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் விவாதிப்பதற்கு எண்களாவது இருக்கின்றன. பீகார்ச் சந்தையில் அந்த வேரைத் தின்று உறங்கிய குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு எண்களே இல்லை.

குழந்தைகளைப் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பம்பாய் ஆலைகளில் வேலைக்குப் போன தாய்மார் கைக்குழந்தைகளை உறங்க வைக்க அபின் கலந்த ‘பாலகோலி’ என்ற உருண்டைகளைக் கொடுத்து வந்தனர். நாள் முழுதும் ஆலையில் நிற்க வேண்டியவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த உருண்டை வேலை செய்தது, ஐயத்துக்கு இடமின்றி வேலை செய்தது. எனவே பயனளிக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை.

பயனுக்குச் சான்று கேட்கும் நவீனச் சட்டம் பிறந்ததும், முரண்நகையாக, நன்றாகவே வேலை செய்த ஓர் உறக்க மாத்திரையால்தான். 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் கோன்டெர்கான் என்ற பெயரில் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. மருந்துச் சீட்டுத் தேவையில்லை. பார்பிட்யூரேட்டைப் போல அளவு மிஞ்சினால் உயிரைப் பறிக்காது என்பதே அதன் பெருமை. கருவுற்ற பெண்கள் அதை உட்கொண்டதால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறைகளுடன் பிறந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1961 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் அது திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் தராமல் மேலும் மேலும் தரவு கேட்டு நிறுத்தி வைத்தவர், உணவு மருந்து நிர்வாகத்தின் ஃபிரான்சிஸ் கெல்சி. அந்த அதிர்ச்சியின் அலையில்தான் 1962இல் கெஃபாவர்–ஹாரிஸ் திருத்தம் நிறைவேறியது. இனி எந்த மருந்தும் முறையான, ஒப்பீட்டுடன் கூடிய ஆய்வுகளால் தன் பயனை மெய்ப்பிக்க வேண்டும் என்றது அது. தாலிடோமைடின் குற்றமோ பயனின்மை அன்று, பாதுகாப்பின்மை. பாதுகாப்புப் பற்றிய சீற்றம் பயன் பற்றிய சட்டத்தைப் பெற்றெடுத்தது. வரலாறு இப்படிக் கோணலாகத்தான் நடக்கிறது.

சட்டம் வந்தபின் பழைய சரக்குகளின் கதி என்னவாயிற்று? 1972இல் அமெரிக்க நிர்வாகம் சீட்டின்றி விற்கும் மருந்துகள் அனைத்தையும் மறுஆய்வு செய்யத் தொடங்கியது. வீடுதோறும் புழங்கிய உறக்க மாத்திரைகளில் இருந்த ஸ்கோபோலமைனும் புரோமைடும் தேறவில்லை. மெத்தாபைரிலீன் என்ற மற்றொரு பொருள் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்து 1979இல் சந்தையை விட்டு வெளியேறியது. 1989இல் இறுதி விதி வந்தபோது எஞ்சியவை மிகச் சில. பல்லாண்டுக் காலம் எத்தனையோ இலட்சம் பேர் அந்த மாத்திரைகளைத் தின்று நன்றாக உறங்கியதாகச் சொல்லியிருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பிறகு, 1994இல், அதே நாடு பின்வாசலைத் திறந்துவிட்டது. உணவுத் துணைப்பொருள் சட்டம் மெலடோனின் போன்றவற்றை மருந்து என்ற வேலிக்கு வெளியே வைத்தது. நோயைத் தீர்க்கும் என்று சொல்லக் கூடாது. ‘உறக்கத்துக்குத் துணைபுரியும்’ என்று சொல்லலாம். இன்று உலகெங்கும் இணைய அங்காடிகளில் காணும் மழுப்பலான மொழிநடை இப்படித்தான் செழித்தது. விளைவு, 1906இன் கேள்வியே மீண்டும் எழுந்தது. கனடாவில் 31 மெலடோனின் பொருள்களைச் சோதித்து 2017இல் வெளிவந்த ஆய்வில், மேலட்டையில் சொன்னதைவிட 83 விழுக்காடு குறைவாக இருந்ததும் உண்டு, 478 விழுக்காடு கூடுதலாக இருந்ததும் உண்டு. எட்டுப் பொருள்களில் சொல்லப்படாத செரடோனின் கலந்திருந்தது. 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு 25 மெல்லும் மிட்டாய்களைச் சோதித்தது. 22இல் மேலட்டை பிழையானது. ஒன்றில் மெலடோனினே இல்லை. அதை வாங்கியவர் அன்றிரவு உறங்கியிருந்தால், எதற்கு ஐந்து நட்சத்திரம் இட்டிருப்பார்?

உள்ளே இருப்பது சரியாகவே இருந்தாலும், பயன் எவ்வளவு? இங்கேதான் கேள்வியின் மூன்றாவது பகுதி வருகிறது. வெற்று மாத்திரையைவிட எத்தனை நிமிடம் கூடுதல்? மெலடோனின் பற்றிய 19 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த பகுப்பாய்வு, உறக்கம் வரும் நேரம் ஏறத்தாழ 7 நிமிடம் குறைவதாகவும், மொத்த உறக்கம் ஏறத்தாழ 8 நிமிடம் கூடுவதாகவும் கண்டது. இதைப் பொய் என்று சொல்ல முடியாது. புள்ளியியல்படி அது மெய்யே. ஆனால் அந்த 7 நிமிடத்துக்காக ஒருவர் மாதந்தோறும் பணம் கட்ட விரும்புவாரா என்பது வேறு கேள்வி. வேறு நேர மண்டலத்துக்குப் பயணம் செய்து உடற்கடிகாரம் குழம்பியவருக்கு அதன் பயன் கூடுதல். அதைத் தனியாகக் கருத வேண்டும். வலேரியன் பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்த 2006ஆம் ஆண்டுக் கட்டுரை, அவற்றுள் பெரும்பாலானவை முறையியல் குறைபாடு உடையவை என்றது. நம் அமுக்கராவுக்கு 5 ஆய்வுகள், 400 பேர் கொண்ட 2021ஆம் ஆண்டுத் தொகுப்பு சிறிய நன்மையைக் காட்டுகிறது. சிறிய ஆய்வுகள், குறுகிய காலம். வாசலை அடைத்துவிடவும் வேண்டாம், வெற்றிக்கொடி நாட்டவும் வேண்டாம் என்பதே என் மதிப்பீடு.

மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள் இந்த அளவுகோலில் மிக உயர்ந்து நிற்கின்றனவா என்று பார்த்தால், அங்கும் அடக்கம் தேவை. சோல்பிடெம் வகை மருந்துகளுக்காக அமெரிக்க நிர்வாகத்திடம் அளிக்கப்பட்ட 13 ஆய்வுகளை, வெளியிடப்படாதவை உட்பட, திரட்டிய 2012ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, கருவிப் பதிவின்படி உறக்கம் 22 நிமிடம் முன்னதாக வருவதாகக் கண்டது. வெற்று மாத்திரை பெற்றவர்களும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். இந்தியாவில் சோல்பிடெம், நைட்ரசெபாம், அல்பிரசோலம் ஆகியவை 2013இல் எச்1 அட்டவணைக்குள் வந்தன. விற்பவர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். இப்படி, பயனும் தீங்கும் அளந்து அறியப்பட்ட மருந்துகளுக்குக் காவல் பலமாயிற்று. அளக்கப்படாதவைக்குத் திறந்த அங்காடி கிடைத்தது.

விளம்பரத்தின் பக்கம் நம் சட்டம் என்ன செய்தது? 1954இல் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் வந்தது. ஹம்தர்து தவாகானா வழக்கில் உச்ச நீதிமன்றம், மருந்து விற்கும் விளம்பரம் கருத்துரிமையின் பாதுகாப்பைப் பெறாது என்றது. அதே தீர்ப்பில், தடைக்குரிய நோய்களை அரசு தன் விருப்பப்படி விதிகளால் சேர்த்துக்கொள்ளும் அதிகாரத்தையும் செல்லாதாக்கியது. அதனால் 1963இல் ஒரு பட்டியலைச் சட்டத்திலேயே இணைத்தனர். 54 இனங்கள் கொண்ட அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். நரம்புத் தளர்ச்சி உண்டு, வெறிநோய் உண்டு, உடல் உயரமும் உண்டு. தூக்கமின்மை என்று தனியே ஓர் இனம் இல்லை. நரம்பு மண்டல நோய்கள் என்ற பொதுத்தலைப்பில் அதை அடக்க முடியுமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். உறக்கம் அன்று சந்தைப் பொருளாக அவ்வளவு பெரிதாக இல்லை என்பதையே அந்த விடுபாடு எனக்குச் சொல்கிறது.

ஆயுர்வேத, யுனானி மருந்துகள் 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் மருந்துச் சட்டத்துக்குள் தனி இயலாக வந்தன. அவற்றின் விளம்பரத்துக்கு முன்அனுமதி கோரும் 170ஆம் விதி 2018இல் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலையில் ஒன்றிய அரசு அதை நீக்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. 1931இல் சர்ப்பகந்தாவைத் தாமே முன்வந்து சோதித்த வைத்தியர்களும் ஹக்கீம்களும் இந்த இழுபறியை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் கேட்டது விலக்கு அன்று, ஆய்வுக்கூடம்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. நூறாண்டுக்கு முந்தைய மருந்து விளம்பரத்தைப் பழைய நாளிதழ்த் தொகுதியில் இன்றும் காணலாம். விலை, வாக்குறுதி, குணமடைந்தவரின் கடிதம் எல்லாம் அச்சில் நிற்கின்றன. இணைய அங்காடிப் பக்கம் அப்படி நிற்பதில்லை. நேற்று ‘ஆழ்ந்த உறக்கம் உறுதி’ என்றிருந்தது இன்று ‘இரவு நேர அமைதிக்கு’ என்று மாறியிருக்கும், பழைய மதிப்பீடுகள் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இப்பொருளில் ஆய்வு செய்ய எண்ணுவோர் அந்தப் பக்கங்களை நாளும் மணியும் குறித்து இப்போதே படமெடுத்துச் சேமித்து வையுங்கள். மேலட்டையையும் தொகுதி எண்ணையும் சேர்த்து வைத்தால், ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்ய வாய்ப்புக் கிடைக்கும்போது எதனுடன் ஒப்பிடுவது என்ற கேள்வி எழாது.